வடமும் முட்டுக்கட்டையும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் நிலையை விட்டுக் கிளம்பும் அந்த அரை நிமிடத்துக்குள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் முழுவதும் இருக்கிறது. பாடத்தின் பெயர் ‘இயக்க விதிகள்’. பக்கத்து ஊரான மம்சாபுரத்துப் பிள்ளைகள் பலர் ஜூன் மாதம் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ அப்பா அம்மாவோடு தேர் பார்க்கப் போகிறார்கள். வகுப்பில் மனப்பாடம் செய்த மூன்று விதிகளும் ரத வீதியில் அவர்கள் கண்ணெதிரே நடக்கின்றன. அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று யாரும் அவர்களுக்குச் சுட்டிக்காட்டுவதில்லை. எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

தேர் கிளம்பும்போது கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ‘கோவிந்தா, கோபாலா’ கோஷம் எழுகிறது. தரையில் தொய்ந்து கிடந்த வடம் நிமிர்கிறது, விறைக்கிறது, நார்கள் நெரிகிற சத்தம்கூடக் கேட்கிறது. நூற்றுக்கணக்கானோர் உடம்பைச் சாய்த்து இழுக்கிறார்கள். தேர் அசைவதில்லை. கோஷம் இன்னொரு சுற்று உயர்கிறது. சட்டென்று ஒரு குலுங்கல்; உச்சியில் கும்பம் ஒருமுறை பின்னால் சாய்ந்து நிமிர்கிறது; சக்கரம் உருளத் தொடங்குகிறது. அதன் பிறகு அதே கூட்டம் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இழுத்துப் போகிறது. கிளம்புவதற்கு முன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தவர்களுக்கு, கிளம்பிய பிறகு அவ்வளவு சிரமம் இல்லை.

ஏன் இப்படி? ‘தேர் கனம், அதனால் நகர மறுக்கிறது’ என்பதுதான் உடனே வாயில் வரும் பதில். அது பாதிதான் சரி. கனமான பொருளுக்குத் தன் நிலையை மாற்றிக்கொள்ள விருப்பமில்லை. இதைத்தான் நிலைமம் என்கிறோம். ஆனால் நிலைமம் எந்தப் பொருளையும் அசையவே விடாமல் பிடித்து வைக்காது. மெதுவாகத்தான் நகர விடும், அவ்வளவே. இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் எளிதாக இருக்கட்டும் என்று தேரின் நிறையை 100 டன் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 1,00,000 கிலோகிராம். சாலை, அச்சு, சக்கரம் எதிலும் தேருக்கு உராய்வே இல்லை, இழுக்கிறவரின் காலடியில் மட்டும் பிடி உண்டு என்றும் கற்பனை செய்துகொள்வோம். ஒரே ஒரு ஆள் 300 நியூட்டன் விசையோடு வடத்தை இழுக்கிறார். விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம்: நொடிக்கு நொடி 0.003 மீட்டர் வீதம் வேகம் கூடும். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் ஒரு நிமிடம் விடாமல் இழுத்தால் தேர் நொடிக்கு 18 சென்டிமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். மூன்று நிமிடத்தில் அரை மீட்டரைத் தாண்டிவிடும். தேருக்கு உராய்வு இல்லாத ஒரு ரத வீதியில் ஒற்றை ஆள் ஆண்டாள் தேரை நடத்திச் சென்றுவிடலாம்!

ஆக, கிளம்புமுன் தேரைப் பிடித்து வைத்திருப்பது வேறு ஏதோ ஒன்று. நின்ற இடத்திலேயே நிற்கும் கனத்த சக்கரம் தரையில் பதிந்திருக்கிறது. வெயிலில் இளகிய தாராக இருந்தால் இன்னும் நன்றாகவே பதியும். தனக்குத் தானே உண்டாக்கிக்கொண்ட அந்தப் பள்ளத்திலிருந்து அது முதலில் மேலேறியாக வேண்டும். அச்சும் சக்கரமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. நின்றிருக்கும் பரப்புகளுக்கு இடையிலான உராய்வு, நகர்ந்துகொண்டிருக்கும் பரப்புகளுக்கு இடையிலான உராய்வைவிடப் பொதுவாக அதிகம். இந்தப் பிடி விடுபட்ட கணம்தான் அந்தக் குலுங்கல்.

பிடியை உடைக்க வடம் மட்டும் போதாது என்பது தேர் வேலை தெரிந்தவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதனால்தான் தென்மாவட்டத் தேர்களில் பின்பக்கம் தடி போடும் வழக்கம் இருக்கிறது. நீண்ட, கனத்த மரத் தடியைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து, பக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றி, மறுமுனையில் ஆட்கள் ஏறி அழுத்துவார்கள். தடியின் நீளம் 12 அடி, ஊன்றிய இடத்திலிருந்து சக்கரம் வரை 1 அடி, அழுத்தும் முனை வரை 11 அடி என்று கொள்வோம். முனையில் 60 கிலோ எடையுள்ள நான்கு பேர் தொங்கினால் அவர்கள் தரும் விசை 2,400 நியூட்டன். சக்கரத்துக்குப் போய்ச் சேருவது அதைப்போல் 11 மடங்கு, அதாவது 26,400 நியூட்டன். நாலு பேர் நாற்பத்து நாலு பேரின் விசையைக் கொடுக்கிறார்கள் என்றே சொல்லலாம். இதற்கு விலையும் உண்டு: தடியின் முனை 11 அங்குலம் இறங்கினால் சக்கரம் 1 அங்குலம்தான் நகரும். ஆனால் அந்த ஓர் அங்குலம்தான் அப்போது வேண்டியிருப்பது. பிடி விட்டதும் மற்றதை வடம் பார்த்துக்கொள்ளும்.

உருளத் தொடங்கிய தேருக்கு எவ்வளவு விசை வேண்டும்? நடந்து போகிறவர்களின் மெதுவான வேகத்துக்கு, நொடிக்கு அரை மீட்டருக்கு, 10 நொடியில் அதைக் கொண்டுவர 5,000 நியூட்டன் போதும். வடத்தில் 500 பேர் இருந்தால் ஆளுக்கு 10 நியூட்டன். ஒரு கிலோ சர்க்கரைப் பையைத் தூக்கும் விசை. ஆனால் உருளும் உராய்வு தேரின் எடையில் நூற்றுக்கு 3 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதைச் சமாளிக்க மட்டும் 30,000 நியூட்டன், ஆளுக்கு 60, தேவைப்படுகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வடம் பிடிக்கிற கூட்டம் செலவழிக்கும் விசையில் ஏழில் ஆறு பங்கு உராய்வுக்கே போகிறது. தேரின் வேகத்தைக் கூட்டப் பயன்படுவது ஏழில் ஒரு பங்குதான். விரும்பிய வேகம் வந்த பிறகு அதுவும் வேண்டாம். உராய்வை மட்டும் ஈடுகட்டினால் தேர் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் மனித குலமே சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் தடுமாறி நின்றது. இழுத்தால் நகர்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. எனவே நகர்ந்துகொண்டே இருக்க விசை வேண்டும் என்று கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் எண்ணினார். பார்த்ததைத்தான் சொன்னார். மாட்டு வண்டியும் அப்படித்தான் நடந்துகொள்கிறது, தேரும் அப்படித்தான். இத்தாலியில் கலிலியோ வழவழப்பான சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டிவிட்டு வேறொன்றைக் கவனித்தார். ஒரு சாய்தளத்தில் இறங்கும் உருண்டை எதிரே உள்ள சாய்தளத்தில் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சாய்வைக் குறைத்தால் அந்த உயரத்தை அடைய இன்னும் நெடுந்தூரம் ஓடுகிறது. சாய்வே இல்லாமல் சமதளமாக்கிவிட்டால்? அந்த உயரத்தை அது எட்டவே முடியாது. ஆகவே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிற்பதற்குத்தான் காரணம் தேவை, ஓடுவதற்கு அல்ல. 1687-ல் வெளியான தன் பெரு நூலில் நியூட்டன் இதையே முதல் விதியாக வைத்தார்.

பூமியில் உராய்வைத் துடைத்தெறிய முடியாது என்பதால் இந்த விதி நமக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகமாகவே தெரியும். விண்வெளிக்குப் போனால் சந்தேகம் தீர்ந்துவிடும். 1977 செப்டம்பர் 5-ல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலம் இன்றும் நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதை யாரும் தள்ளவில்லை. சூரியனின் ஈர்ப்பு மட்டும் மிக மிக மெல்லப் பின்னால் இழுக்கிறது. நம் வட்டாரத்திலேயே சொல்ல வேண்டும் என்றால் இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 விண்கலம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகிற ரயில் பாதையிலுள்ள செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர். 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய அந்த விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6-ல் அடைந்தது. அந்த நான்கு மாதங்களில் இயந்திரம் எரிந்த நேரம் சொற்பம். மீதி நேரமெல்லாம் வாங்கிய வேகத்திலேயே ஓடியது.

ரத வீதிக்குத் திரும்புவோம், ஏனென்றால் இதே உண்மை அங்கே வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. முன்பெல்லாம் பெரிய தேர்களுக்கு மரச் சக்கரம், மர அச்சு. மண் சாலை. காலையில் கிளம்பினால் மாலைக்குள் நிலைக்கு வந்துவிடும் என்ற உறுதி கிடையாது. நாள் கணக்கில் வீதியிலேயே நின்று, நகர்ந்து, நின்று வந்த கதைகளைப் பெரியவர்கள் எல்லா ஊர்களிலும் சொல்வார்கள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு இரும்புச் சக்கரங்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்தது. அலங்காரத்தோடு 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்ட தேர் அது. இரும்பு வந்த பிறகு உராய்வு குறைந்தது, ஓட்டம் எளிதானது, ஒரே நாளில் நிலை சேர்வது வழக்கமானது.

இரும்புச் சக்கரத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வந்ததைக் கவனித்தீர்களா? ஹைட்ராலிக் பிரேக்! மரச் சக்கரத்தில் ஓடிய காலத்தில் தேருக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை. அப்போது சாலையே பாதி பிரேக்காக இருந்தது. வடத்தைத் தளர்த்தினால் சில அடிகளில் தேர் தானாகவே அடங்கிவிடும். உராய்வைக் குறைத்ததும், அதுவரை மறைந்திருந்த முதல் விதி வெளியே வந்துவிட்டது. ஓடுகிற தேர் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கிறது. மரச் சக்கரத் தேர் அரிஸ்டாட்டில் சொன்னதுபோல நடந்துகொண்டது, இரும்புச் சக்கரத் தேர் நியூட்டன் சொன்னதுபோல நடந்துகொள்கிறது. உண்மையில் இரண்டுக்கும் விதி ஒன்றுதான். உராய்வின் அளவுதான் வேறு. இந்த ஒரே மாற்றத்தை ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் இயக்கவியலின் கழுத்தையே பிடித்துவிட்டது என்பேன்.

சரி, தேரை நிறுத்துவது எவ்வளவு பெரிய வேலை? நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். நம் 100 டன் தேர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் 50,000 அலகு. ஆட்கள் நிறைந்த, 12 டன் எடையுள்ள ஒரு பஸ் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதற்கும் ஏறத்தாழ இதே உந்தம். பஸ்ஸின் முன்னால் யாரும் குறுக்கே போக மாட்டோம். தேர் ஆமை வேகத்தில் வருகிறது என்பதால் பயமில்லாமல் சக்கரத்துக்கு அருகே நிற்கிறோம். இரண்டையும் ஒரே நேரத்துக்குள் நிறுத்த வேண்டுமானால் ஒரே அளவு விசைதான் வேண்டும். 5 நொடியில் என்றால் 10,000 நியூட்டன். 1 நொடியில் என்றால் 50,000. உராய்வு இல்லாத கற்பனை வீதியில் ஒற்றை ஆளாக மூன்று நிமிடம் இழுத்தாரே, அவர் தேரை நிறுத்தவும் அதே மூன்று நிமிடம் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். கொடுத்த உந்தத்தை அதே விசையால் திரும்ப வாங்க அதே நேரம் ஆகும். இதில் சலுகையே கிடையாது.

அப்படியிருக்க, முட்டுக்கட்டை போடுகிறவர் ஒரு சிறு மரக்கட்டையால் இந்தத் தேரை நிறுத்திவிடுகிறாரே, எப்படி? தேரோட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் வேலை இதுதான். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கனத்த கட்டை. ஓடும் சக்கரத்துக்குச் சில அங்குலம் முன்னால், குனிந்தபடியே பின்னோக்கி நடந்துகொண்டு, சரியான கணத்தில் அதைச் சக்கரத்தின் அடியில் கொடுக்க வேண்டும். சக்கரம் சரிவில் ஏறுகிறது, ஏறியபடியே தயங்குகிறது, நிற்கிறது. கை ஒரு சாண் பிசகினால் என்ன ஆகும் என்று எழுதவே மனம் வரவில்லை.

நடப்பது இதுதான். தேரிடம் இருக்கும் இயக்க ஆற்றல், அதாவது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது, 12,500 ஜூல். அதே ஆற்றலைக் கொண்டு 100 டன் தேரை எவ்வளவு உயரம் தூக்கலாம் என்று கணக்கிட்டால் விடை 1.25 சென்டிமீட்டர். விரல் கனம்! தேர் முழுவதையும் அந்த உயரத்துக்குத் தூக்கும்படி வைத்துவிட்டால் அதன் ஓட்டம் முழுவதும் அந்தத் தூக்கலிலேயே தீர்ந்துபோகும். முன்சக்கரங்கள் மட்டும் ஏறினால் பாரத்தில் பாதிதான் அவற்றின் மேல் இருக்கும். அப்போது சுமார் 2.5 சென்டிமீட்டர் ஏற வேண்டும். மரக்கட்டை நசுங்குவதும் தரையில் தேய்வதும் மீதியை வாங்கிக்கொள்ளும். இன்னும் ஒரு வியப்பு இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. நிறை இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போவதால், இந்த 1.25 சென்டிமீட்டர் 100 டன் தேருக்கும் ஒன்றுதான், திருவாரூரின் 300 டன் தேருக்கும் ஒன்றுதான். வேகம் மட்டும்தான் கணக்கில் நிற்கிறது. வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகி 5 சென்டிமீட்டர் ஆகிவிடும். கட்டை தாங்காது, சக்கரம் ஏறிக் குதித்துவிடும். கூட்டம் உற்சாகத்தில் ஓட்டமாக இழுக்கும்போது சக்கரத்தருகே இருப்பவர்கள் கையை உயர்த்தி ‘மெதுவா, மெதுவா’ என்று கத்துகிறார்களே, அவர்கள் கத்துவது இந்த நான்கு மடங்கைத்தான்.

உந்தத்தை எவ்வளவு நேரத்தில் வாங்குகிறோம் என்பதுதான் அடியின் வலியைத் தீர்மானிக்கிறது. மம்சாபுரத்துத் தென்னந்தோப்புகளில் 20 மீட்டர் உயர மரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொட 2 நொடி ஆகும். அப்போது அதன் வேகம் நொடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர். மட்டையோடு ஒன்றரைக் கிலோ காய் என்றால் உந்தம் 30 அலகு. சிமென்ட் தளத்தில் அது நூற்றில் ஒரு நொடியில் நின்றால் 3,000 நியூட்டன் அடி. உழுது போட்ட மண்ணில் புதைந்து இருபதில் ஒரு நொடியில் நின்றால் 600 நியூட்டன்தான். மாந்தோப்பில் தொரட்டிக் கம்பின் முனையில் வலை கட்டிப் பழம் பறிப்பதும் இதற்காகத்தான். நிற்கும் நேரத்தை நீட்டினால் விசை குறையும், பழம் கன்றாது.

திடீரென்று நிறுத்துவதில் தேருக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. 2022 ஜூலை 31-ல் புதுக்கோட்டையில் ஆடிப்பூரத் தேர் இழுக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் முன்பக்கமாகக் கவிழ்ந்து பலர் காயமடைந்தார்கள். அந்த விபத்தின் காரணங்களை ஆராய்வது என் நோக்கம் அல்ல. ஆனால் உயரமான எந்த வண்டியும் முன்னால் கவிழும் விதத்தை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். ஓடும் தேரின் சக்கரம் சட்டென்று பிடிபட்டால் அடிப்பாகம் நிற்கும், மேல்பாகம் முன் வேகத்திலேயே போகப் பார்க்கும். ராஜபாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் பிரேக் போட்டதும் முன்னால் விழப்போவது இதே காரணத்தால்தான். கால் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது, தலை நிற்கவில்லை.

தேர் செய்த தச்சர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். தேரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கனத்த மரம். தேக்கு, வேங்கை, இலுப்பை என்று இறுக்கமான மரங்களில் சிற்பங்கள் செதுக்கி அடுக்கியிருப்பார்கள். விழாவுக்காக எழுப்பும் மேல்பகுதி மூங்கிலும் சவுக்குக் கம்பும் துணியும் தொம்பைகளும்தான். உயரத்தில் பெரும்பகுதி மேலே இருக்கிறது, எடையில் பெரும்பகுதி கீழே. அதனால் ஈர்ப்பு மையம் தாழ்ந்தே இருக்கும். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே இறக்கும் கோடு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழும் வரை தேர் சாயலாம், கவிழாது. ஆனால் இங்கே ஆடிக்காற்றும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடித்தால், விரிந்து நிற்கும் துணியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 60 நியூட்டன் விழும். 100 சதுர மீட்டருக்கு 6,000 நியூட்டன். அதுவும் உச்சிப் பக்கம் விழுவதால் திருப்புத்திறன் அதிகம். அலங்காரத்தை இன்னும் உயர்த்தலாமே என்று ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, மூன்றாம் விதி. இந்தப் பாடம் நடக்கும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை எழுந்து கேட்டுவிடும்: “சார், நாம தேரை இழுக்குற அளவுக்கே தேரும் நம்மளப் பின்னாடி இழுக்குதுன்னு சொல்றீங்க. ரெண்டும் சமம்னா தேர் எப்படி சார் நகரும்?” இதைவிட நல்ல கேள்வி இந்தப் பாடத்தில் இல்லை. கேட்கிற பிள்ளையை உட்காரச் சொல்லிவிடாமல் பாராட்ட வேண்டும்.

பதில் இதுதான். சமமான அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மேல் விழவில்லை. நாம் இழுக்கும் விசை தேரின் மேல். தேர் இழுக்கும் விசை நம்மேல். தேர் நகருமா என்று பார்க்கத் தேரின் மேல் விழும் விசைகளை மட்டும் எண்ண வேண்டும்: முன்னால் வடம், பின்னால் உராய்வு. வடம் ஜெயித்தால் நகரும். அப்படியானால் தேர் நம்மை இழுக்கும்போது நாம் ஏன் பின்னால் போகவில்லை? நம் கால்களால். வடம் பிடிக்கிறவர்களின் பாதங்களைப் பாருங்கள். விரல்கள் தரையைக் கவ்வி, பூமியைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. பூமி நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. தேரை உண்மையில் முன்னால் கொண்டுபோகிற வெளி விசை அந்தப் பாதங்களுக்கும் சாலைக்கும் இடையே பிறக்கிறது! 60 கிலோ ஆளுக்கு உலர்ந்த சாலையில் சுமார் 300 நியூட்டன் வரை அந்தப் பிடி கிடைக்கும். சாலையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் எவ்வளவு பலசாலியும் வழுக்குவார், தேர் நிற்கும். இவ்வளவு நேரம் எதிரியாகவே பேசிய உராய்வு, காலடியில் நம் கட்சியில் இருக்கிறது.

சிவகாசி ராக்கெட் வெடிக்குக் காலடியும் தேவையில்லை, பிடிக்கத் தரையும் தேவையில்லை. வாயுவைக் கீழே தள்ளுகிறது, வாயு அதை மேலே தள்ளுகிறது. காற்றை உதைத்துத்தான் ராக்கெட் ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் காற்றே இல்லாத இடத்தில் ஆதித்யாவின் இயந்திரம் வேலை செய்திருக்கவே முடியாது. மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கும் இயந்திரங்களுக்கும் தீபாவளிக்கு மொட்டைமாடியிலிருந்து நாம் விடும் ராக்கெட்டுக்கும் தத்துவம் ஒன்றே.

வீதி மூலையில் தேர் திரும்புவது தனிக்கலை. தேரின் சக்கரங்களுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் முட்டுக்கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தடைபடும், மறுபக்கம் ஓடும், தேர் தடைபட்ட பக்கமாகத் திரும்பும். திருவாரூரில் மூலைகளில் இரும்புத் தகடுகளைப் பரப்பி மசகு தடவி, அதன்மேல் சக்கரங்களை வழுக்கவிட்டுத் திருப்புகிறார்கள். வடம் பிடிக்கிறவர்களும் அப்போது கோணத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு வடங்கள் நேர்க்கோட்டிலிருந்து 20 பாகை விலகினால் இழுவையில் 6 விழுக்காடுதான் வீணாகும். 60 பாகை விலகினால் பாதி வீண்.

இவ்வளவையும் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் ஒரு விசையைத் தன் கையால் அளந்த பிள்ளைக்கு வரும் தெளிவு வேறு. அதற்குத் தேர் வேண்டாம். சைக்கிளும் சாக்பீஸும் செல்பேசியில் உள்ள ஸ்டாப் வாட்ச்சும் போதும். கண்மாய்க்கரைச் சாலை மாதிரி மேடு பள்ளமில்லாத, ஆள் நடமாட்டம் குறைந்த ஓரிடத்தில் 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். சீரான வேகத்தில் மிதித்து வந்து, இரண்டாவது கோட்டைத் தொட்டதும் மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். பிரேக் பிடிக்கக் கூடாது. கோடுகளுக்கு இடையே எத்தனை நொடி ஆயிற்று, இரண்டாவது கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் போய்ச் சைக்கிள் நின்றது என்று நண்பரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2 நொடி ஆனது, 30 மீட்டரில் நின்றது என்றால் வேகம் நொடிக்கு 3 மீட்டர். வேகத்தின் வர்க்கமான 9-ஐ, தூரத்தின் இரண்டு மடங்கான 60-ஆல் வகுத்தால் வேகம் குறைந்த வீதம் 0.15. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ என்றால் உங்களை நிறுத்திய விசை 9 நியூட்டன். அதன் பிறகு டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதே சாலை, அதே ஆள், அதே வேகம். 30 மீட்டர் எவ்வளவாகச் சுருங்குகிறது, 9 நியூட்டன் எவ்வளவாக ஏறுகிறது என்று எழுதி வையுங்கள். பின்னர் தார்ச் சாலையை விட்டு மண் சாலைக்குப் போய் அதையே செய்யுங்கள். மூன்று எண்களையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, மரச் சக்கரத் தேர் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும், இரும்புச் சக்கரத் தேர் எதற்குப் பக்கத்தில் வரும் என்று வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் வாதாடுங்கள்.